கிளவுட் இல்லாமல் கோப்புகளை ஒத்திசைக்கலாம். ஆனால் காப்பது நம் பொறுப்பு

கூகுள் கணக்கு ஒன்றை இரண்டு ஆண்டுகள் தொடாமல் விட்டால், அதிலுள்ள படங்கள், மின்னஞ்சல்கள், ஆவணங்கள் எல்லாவற்றோடும் சேர்த்து அதை அந்த நிறுவனம் அழித்துவிடலாம். 2023 டிசம்பரிலிருந்து இந்த விதி நடைமுறையில் இருக்கிறது. படங்களை அளவில்லாமல் இலவசமாக வைத்துக்கொள்ளலாம் என்ற சலுகை அதற்கு முன்பே, 2021 ஜூன் 1 அன்று முடிந்துபோனது. சான்ஃபிரான்சிஸ்கோவில் ஒரு தந்தை, மருத்துவரிடம் காட்டுவதற்காகத் தன் குழந்தைக்கு இருந்த நோய்த்தொற்றைப் படமெடுத்தார். கூகுளின் தானியங்கிச் சோதனை அதைக் குழந்தைகள் மீதான பாலியல் குற்றப் படமாகக் கருதியது, கணக்கு முடக்கப்பட்டது. அவர்மேல் குற்றமில்லை என்று காவல்துறை சொன்ன பிறகும் கணக்கு திரும்பக் கிடைக்கவில்லை. 2022-இல் இது உலகச் செய்தியானது. அவருடைய பல ஆண்டுப் படங்களும் மின்னஞ்சல்களும் அந்த ஒரே இடத்தில்தான் இருந்தன.

போனில் எடுத்த படம் லேப்டாப்பிலும், லேப்டாப்பில் திருத்திய கடிதம் போனிலும் தானாக வந்து சேர வேண்டும் என்பதற்காகத்தான் நம்மில் பலர் கிளவுடுக்குப் போனோம். அந்த ஒரு வேலைக்கு வேறொருவரின் சேமிப்பகம் தேவையே இல்லை. சிங்க்திங் என்ற இலவச, திறந்த மூல மென்பொருள் 2013-லிருந்து இதைச் செய்துவருகிறது. ஒவ்வொரு கருவிக்கும் நீளமான அடையாள எண் ஒன்று உண்டு. ஒரு கருவியில் மற்றதன் எண்ணைச் சேர்த்து, இரண்டு பக்கமும் ஒப்புக்கொண்டால்தான் இணைப்பு. இரண்டும் ஒரே வைஃபையில் இருந்தால் கோப்பு வீட்டு ரூட்டர் வழியாகவே போய்விடும். இணைய டேட்டா செலவாகாது. வெளியூரில் இருக்கும்போது நேரடித் தொடர்பு கிடைக்காவிட்டால், தன்னார்வலர்கள் நடத்தும் இடைநிலை சர்வர்கள் வழியே போகும். கோப்பு குறியாக்கம் செய்யப்பட்டே கடப்பதால் அவர்களால் உள்ளே பார்க்க முடியாது. உங்கள் ஐபி முகவரி மட்டும் அவர்களுக்குத் தெரியும். அதுவும் வேண்டாம் என்றால் அமைப்புகளில் அந்த வசதியை நிறுத்திவிடலாம்.

ஒரு கட்டுப்பாடு உண்டு: இரண்டு கருவிகளும் ஒரே சமயத்தில் இயங்கிக்கொண்டிருந்தால்தான் கோப்பு நகரும். வீட்டில் சும்மா கிடக்கும் பழைய லேப்டாப்பை எப்போதும் இயக்கத்திலேயே விட்டுவைப்பது இதற்கு நல்ல வழி. ஆண்ட்ராய்டுக்கான அதிகாரப்பூர்வச் செயலி 2024 டிசம்பரோடு நின்றுவிட்டது. அதிலிருந்து கிளைத்த செயலி ஒன்றைத் தன்னார்வலர்கள் பராமரிக்கிறார்கள். அதே பெயரில் கண்ணில்படும் எதையும் இறக்கிவிடாமல், இப்போது யார் பராமரிக்கிறார்கள் என்று சிங்க்திங்கின் தளத்தில் பார்த்துவிட்டு நிறுவுங்கள். இந்தத் திட்டமே நாளைக்கு நின்றுபோனாலும் உங்கள் கோப்புகள் சாதாரணக் கோப்புகளாக உங்கள் டிஸ்கில் அப்படியே இருக்கும். கிளவுடைவிட இதை நான் விரும்புவதற்கு முதல் காரணம் அதுதான்.

இனி, நான் மிகவும் அஞ்சும் விஷயத்துக்கு வருகிறேன். ஒத்திசைவு வேறு, பேக்கப் வேறு. கோப்பு வந்தால் எல்லாக் கருவிக்கும் வரும். அழிந்தால் எல்லாக் கருவியிலும் அழியும். போனின் கேமரா ஃபோல்டரை லேப்டாப்போடு இணைத்துவிட்டு, 'லேப்டாப்பில்தான் இருக்கிறதே' என்று போனில் இடம் காலி செய்ய படங்களை அழிப்பவர்கள் நிறையப் பேர். அடுத்த முறை இரண்டும் தொடர்புகொள்ளும்போது லேப்டாப்பிலும் அவை அழிந்துவிடும். போன் பக்கம் 'அனுப்ப மட்டும்' என்று வைத்திருந்தாலும் இதே கதிதான், ஏனென்றால் அழித்தலும் அனுப்பப்படும் ஒரு மாற்றமே. ரான்சம்வேர் ஒரு கணினியில் புகுந்து கோப்புகளைப் பூட்டினாலும், பூட்டிய கோப்புகளே மற்ற கருவிகளுக்கும் போய்ச் சேரும்.

இதற்கு மருந்து சிங்க்திங்கிலேயே இருக்கிறது. ஆனால் நீங்கள்தான் இயக்க வேண்டும். ஒவ்வொரு ஃபோல்டரின் அமைப்பிலும் பழைய பிரதிகளை வைத்துக்கொள்ளும் வசதி உண்டு. அதை இயக்கினால், அழிந்த கோப்பும் மாற்றப்பட்ட கோப்பின் முந்தைய வடிவமும் தனி ஃபோல்டர் ஒன்றில் தங்கும். நுட்பமான ஒரு விஷயம் இதில் பலருக்குத் தெரிவதில்லை: வேறொரு கருவியிலிருந்து வரும் மாற்றத்துக்குத்தான் இது பழைய பிரதியை எடுத்துவைக்கும். லேப்டாப்பில் நீங்களே அழித்ததை அந்த லேப்டாப் காப்பாற்றாது. ஆகவே எல்லாக் கருவிகளிலும் இதை இயக்குங்கள். அதற்கு மேலும், வெளி ஹார்ட் டிஸ்க் ஒன்றில் மாதம் ஒருமுறையாவது நகலெடுத்து, கழற்றி, எடுத்து வையுங்கள். தென்கொரியாவின் தேஜான் நகரில் 2025 செப்டம்பரில் அரசுத் தரவு மையம் ஒன்று தீப்பிடித்தபோது, அரசு ஊழியர்களின் 858 டெராபைட் கோப்புகள் போயின. அவற்றுக்கு வேறிடத்தில் நகல் இல்லை. ஓர் அரசாங்கத்துக்கே நேர்ந்தது இது.

இரண்டு கருவிகளில் ஒரே கோப்பைத் தனித்தனியே திருத்திவிட்டால் ஒரு வடிவம் வேறு பெயரில் ஒதுங்கி நிற்கும். அவ்வப்போது தேடிப் பார்த்துச் சரிசெய்யுங்கள். கடைக் கணக்கு மென்பொருள் ஓடிக்கொண்டிருக்கும்போது அதன் தரவு ஃபோல்டரை ஒத்திசைக்கவே வேண்டாம்; கணக்கே கெட்டுப்போகலாம்.

சிங்க்திங் கோப்பை வழியில் காக்கும், கருவிக்குள் காக்காது. போன் தொலைந்தால் அதிலுள்ளதெல்லாம் எடுத்தவர் கையில். திரைப்பூட்டு அவசியம்; லேப்டாப் டிஸ்கைக் குறியாக்கம் செய்வதும் அவசியம். தொலைந்தால் உடனே மற்ற கருவிகளின் பட்டியலிலிருந்து அந்தப் போனை நீக்குங்கள். பிறகு காவல் நிலையத்தில் புகார் கொடுத்து, மத்திய அரசின் சஞ்சார் சாத்தி தளத்தில் அதன் ஐஎம்இஐ எண்ணை முடக்கலாம். இன்னோர் ஆபத்து வீட்டுக்குள்ளேயே இருக்கக்கூடும்: பூட்டு திறந்த உங்கள் போனை ஐந்து நிமிடம் கையில் எடுப்பவர் தன் கருவியை இணைத்துவிட்டால், உங்கள் படங்கள் சத்தமில்லாமல் அங்கே போய்க்கொண்டிருக்கும். இணைந்த கருவிகளின் பட்டியலை மாதம் ஒருமுறை பாருங்கள். கணவரோ மனைவியோ செய்தாலும், அனுமதியின்றி நேர்மையற்ற நோக்கத்தோடு தரவை நகலெடுப்பது தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43, 66 பிரிவுகளின்கீழ் குற்றம்; 3 ஆண்டு வரை சிறை உண்டு. தேசிய சைபர் குற்றப் புகார்த் தளத்தில் புகார் செய்யலாம்.

கிளவுடில் ஏற்கெனவே இருப்பவற்றுக்கு என்ன செய்வது? கூகுளின் டேக்அவுட் வசதியில் முழு நகலையும் முதலில் இறக்குங்கள். திறந்து பார்த்து உறுதிசெய்த பிறகே அங்கே அழியுங்கள். 2023-இன் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தரவை அழிக்கக் கோரும் உரிமையைத் தருகிறது. 2025 நவம்பரில் விதிகள் வெளியாகி, 18 மாதம் கழித்து இந்த உரிமைகள் நடைமுறைக்கு வருகின்றன. ஆனால் உங்கள் தரவை வேறிடத்துக்கு எடுத்துப்போகும் உரிமை ஐரோப்பியச் சட்டத்தில் இருப்பதுபோல் இதில் இல்லை. பெரிய குறை இது. கணக்கை முடக்கினால் நிறுவனத்தின் குறைதீர்ப்பு அலுவலருக்கு எழுதுங்கள். அவர் முடிவில் திருப்தியில்லையென்றால் 30 நாளுக்குள் மத்திய அரசின் குறைதீர்ப்பு மேல்முறையீட்டுக் குழுவுக்குப் போகலாம். கட்டணம் செலுத்தும் சேவையென்றால் நுகர்வோர் ஆணையமும் இருக்கிறது. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. இலவசச் சேவைக்கு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் பொருந்தாது.

மேலே சொன்ன 2023-இன் தரவுப் பாதுகாப்புச் சட்டம், நம் காலத்துக்குப் பிறகு நம் தரவு உரிமைகளைப் பயன்படுத்த ஒருவரை நியமிக்கவும் வழிசெய்கிறது. வீட்டு டிஸ்கில் இருப்பதற்கு அந்தச் சட்டம் உதவாது. ஆகவே ஹார்ட் டிஸ்கின் கடவுச்சொல்லைத் தாளில் எழுதி, பத்திரங்களோடு வைத்து, இடத்தைக் குடும்பத்தில் ஒருவருக்குச் சொல்லிவிடுங்கள்.