மடக்கி உழுத தழையை முதலில் உண்பவை

திருவனந்தபுரம் மாவட்டத்தின் தென்கோடியில், கன்னியாகுமரி எல்லையை ஒட்டியுள்ள பாறசாலை, நெய்யாற்றின்கரை வட்டாரச் சிற்றூர்களில் காய்கறி பெரும்பாலும் செம்மண் கலந்த சரளை நிலத்திலேயே விளைகிறது. இடவப்பாதி எனும் தென்மேற்குப் பருவமழையும் துலா மழை எனும் வடகிழக்குப் பருவமழையும் ஆண்டுதோறும் சுண்ணாம்புச் சத்தைக் கரைத்துக்கொண்டு போவதால் இம்மண்ணில் அமிலத்தன்மை மிகுந்து, எஞ்சி நிற்கும் இரும்பும் அலுமினியமும் மணிச்சத்தைப் பயிருக்கு எட்டாதவாறு பிணைத்துவிடுகின்றன.

இத்தகைய நிலத்தில் சணப்பு, தட்டைப்பயறு முதலிய பயறுவகைச் செடிகளை வளர்த்துப் பூக்கும் பருவத்தில் மடக்கி உழும்போது, அந்தப் பசுந்தாள் உரம் பயிருக்குப் போகுமுன் மண்ணின் நுண்ணுயிர்களுக்கே உணவாகிறது. இதை உணராததால்தான் பலர் அதன் பயனைப் பாதியிலேயே இழக்கின்றனர்.

வேரைச் சூழ்ந்த சில மில்லிமீட்டர் மண்ணுக்கு வேர்மண்டலம் என்று பெயர். 1904இல் ஜெர்மானிய அறிஞர் லோரென்ஸ் ஹில்ட்னர் இக்கருத்தை வகுத்தார். வேர் கசியவிடும் சர்க்கரைகளையும் கரிம அமிலங்களையும் நாடி அங்கே குவியும் பாக்டீரியாக்களும் பூஞ்சைகளும் விலகி நிற்கும் மண்ணில் உள்ளவற்றைவிடப் பன்மடங்கு மிகுதி. மட்கும் தழை இக்கூட்டத்தைப் பெருக்குவதோடு, அவற்றுட் சில வெளியிடும் அமிலங்கள் வழியாகப் பிணைந்து கிடந்த மணிச்சத்தில் ஒரு பகுதியையும் விடுவிக்கிறது. வெண்டை போன்ற பயிர்களின் வேரோடு கூடி வாழும் வேர்ப்பூஞ்சைகள் அதைத் தொலைவிலிருந்து வேருக்குக் கொண்டுவந்து சேர்க்கின்றன.

எந்தப் பருவத்தில் உழுகிறோம் என்பது இங்கே மிக முக்கியம். தழையில் தழைச்சத்து ஒரு பங்குக்குக் கார்பன் ஏறத்தாழ 25 பங்குக்குள் இருந்தால் நுண்ணுயிர்கள் தம் தேவைக்கு மேற்பட்ட தழைச்சத்தை மண்ணில் விடும். தண்டு முற்றி நார் ஏறிவிட்டாலோ, அவை மண்ணில் இருப்பதையும் தமக்கே எடுத்துக்கொள்ள, பயிர் சில வாரம் வெளிறி நிற்கும். பச்சைத் தழையை உண்டு பெருகும் நுண்ணுயிர்கள் பழைய மட்கையும் விரைந்து சிதைப்பதை 1926இல் மண் நுண்ணுயிரியல் அறிஞர் லோனிஸ் பசுந்தாள் உர ஆய்வுகளிலேயே கண்டார். ஆகவே ஒரே முறை உழுதுவிட்டு மண் வளம் நிலைத்துவிட்டதாகக் கருதுவது பிழை.

உழுத மறுநாளே விதைப்பதும் தவறே. மட்கத் தொடங்கும் தழையில் நாற்றழுகல் உண்டாக்கும் பித்தியம் என்னும் நுண்ணுயிர் முதலில் பெருகுவதால், ஈரப்பதமுள்ள மண்ணில் இரண்டு வாரமேனும் பொறுத்து, பிற நுண்ணுயிர்கள் அதைப் பின்தள்ளிய பிறகு விதைப்பதே நலம். பாகலையும் வெண்டையையும் வேர்முடிச்சு நூற்புழு தாக்கும் நிலத்தில் சணப்பைத் தேர்வது இரட்டைப் பயன் தரும்; அதன் வேரில் அப்புழு எளிதில் பெருகுவதில்லை.

சில சென்ட் நிலத்தையே நம்பி வாழ்பவரால் பசுந்தாள் பயிருக்காக இரண்டு மாதம் நிலத்தை ஒதுக்கிவைக்க இயலாது என்பதும் உண்மையே. அவர்களுக்கு வாழை வரிசைகளின் இடையே தட்டைப்பயறு விதைத்துப் பூக்கையில் மண்ணில் புதைப்பதும், வேலியில் நிற்கும் கிளைரிசிடியாவின் இளந்தழையை நடவுக்கு முன்பே குழியில் இட்டு மண்மூடி மட்கவிடுவதும் எட்டும் வழிகள். வெளியிலிருந்து கொண்டுவரும் தழையில், காற்றின் தழைச்சத்தைப் பிடித்துத் தரும் பயறின் வேர்முடிச்சுகள் இல்லை என்பதால், இவ்விரண்டில் முன்னதே சிறந்தது.