பூவா, பற்றுக்கம்பியா?

தேனி மாவட்டத்தின் கம்பம் பள்ளத்தாக்கில் பன்னீர் திராட்சைக்குத் தனிப் பருவம் கிடையாது. ஒரு பந்தலில் பழம் வெட்டிக்கொண்டிருப்பார்கள். அடுத்த தோட்டத்தில் அப்போதுதான் கவாத்து முடிந்திருக்கும். 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற இந்தத் திராட்சை வருடம் முழுக்கச் சந்தைக்கு வருகிறது. குளிர் நாடுகளில் திராட்சைக்கொடி இலையுதிர்த்து உறங்கி, வசந்தத்தில் ஒரே முறை பூக்கும். இங்கே அந்தக் குளிர்காலத்தின் வேலையைக் கவாத்துக் கத்தரி செய்கிறது. வெட்டியதும் கொடியின் கண், அதாவது மொட்டு, விழிக்கிறது. சுமார் நான்கு மாதத்தில் பழம்.

கண் எப்போது திறக்கும் என்பதுதான் கத்தரியின் கையில் இருக்கிறது. உள்ளே பூ உண்டா என்பது முந்தைய தளிரில் அந்தக் கண் உருவானபோதே முடிவாகிவிடும்.

கண்ணுக்குள் இருக்கும் துளித் திசு குலையாகவும் மாறலாம், பற்றுக்கம்பியாகவும் மாறலாம். இரண்டும் ஒரே உறுப்பின் இரு வடிவங்கள்! சைட்டோகைனின் என்ற வளர்ச்சி ஹார்மோன் ஓங்கினால் குலை. ஜிப்ரலின் என்ற இன்னொரு ஹார்மோன் ஓங்கினால் பற்றுக்கம்பி. 1978-இல் ஆய்வாளர்கள் சீனிவாசனும் முல்லின்ஸும் பற்றுக்கம்பிகளைத் தனியே எடுத்து வளர்த்து, சைட்டோகைனின் கொடுத்துப் பூங்கொத்தாக்கிக் காட்டினார்கள். 2002-இல் ஆஸ்திரேலியாவின் பாஸ், தாமஸ் இருவரும் ஒரு குட்டைக் கொடியை ஆராய்ந்தார்கள். ஒரு மரபணுவில் ஏற்பட்ட மாற்றத்தால் ஜிப்ரலின் அதனிடம் எடுபடவில்லை. பற்றுக்கம்பி வரவேண்டிய கணுவிலெல்லாம் குலை! பசுமைப் புரட்சியின் குட்டைக் கோதுமையும் இதே குடும்பத்து மரபணுவின் மாற்றத்தால் வந்ததுதான்.

பக்கத்துக் கொடைக்கானல் மலையில் விளையும் பட்டாணி பூக்கும் கணக்கே வேறு. பட்டாணி இயல்பில் பகல் நீள்வதைப் பார்த்துப் பூக்கும் செடி. 'ஹெச்.ஆர்' என்ற மரபணு வலுவாக இருந்தால் செடி நீண்ட பகலுக்காகக் காத்திருக்கும். அது பழுதான ரகங்கள் முந்திப் பூத்துவிடும். திராட்சை பகலின் நீளத்தைப் பெரிதாகப் பொருட்படுத்துவதில்லை. அதற்கு வேண்டியது வெப்பமும் வெளிச்சமும். பன்னீர் திராட்சையின் பெற்றோர் ரகங்கள் இரண்டில் ஒன்றான அலெக்ஸாண்டிரியா மஸ்கட், கண் உருவாகும் காலத்தில் வெப்பம் 20 டிகிரிக்குக் கீழே போனால் குலையே கட்டாது. 30 டிகிரியை ஒட்டி நன்றாகக் கட்டும். தேனியின் வெயில் அதற்கு வாய்த்த வெயில். ஆனால் பந்தலில் இலை அடர்ந்து கண்கள் நிழலில் கிடந்தால், அந்த வெயிலும் வீண்தான்.

ஆகவே கவாத்துக்குப் பின் தளிர்களைக் கலைத்துவிட்டு வெளிச்சம் உள்ளே இறங்க வழிசெய்யுங்கள். அடுத்த வெட்டுக்கான குலைகள் அப்போதே கண்ணுக்குள் உருவாகின்றன.