இலையில் விழுந்த முகம்

பள்ளிக்கூடத்தில் செய்து பார்த்ததுதான். தொட்டிச் செடியை இரண்டு நாள் இருட்டில் வைத்து, ஒரு இலையில் கறுப்புத் தாளைச் செருகி, வெயிலில் வைப்பது. பிறகு ஸ்பிரிட்டில் பச்சையத்தை இறக்கி அயோடின் விட்டால், வெயில் பட்ட இடம் மட்டும் கருநீலமாகும். 1914இல் ஹான்ஸ் மோலிஷ் கறுப்புத் தாளுக்குப் பதில் புகைப்பட நெகட்டிவை வைத்தார். இலைக்குள்ளேயே மாவுச்சத்தாலான படம் விழுந்தது.

பின் டான் என்ற கலைஞர் செய்வது இதற்கு ஏறக்குறைய தலைகீழ். 1977இல் வியட்நாமில் பிறந்து, குடும்பத்தோடு படகேறி, அமெரிக்கா போய்ச் சேர்ந்தவர். புல்தரையில் கிடந்த தண்ணீர்க் குழாய்க்கு அடியில் புல் நிறம் மாறியிருந்ததைக் கவனித்ததுதான் தொடக்கம். இலை மேல் பாசிட்டிவ் ஃபிலிமை வைத்து, கண்ணாடியால் அழுத்தி, நாள்கணக்கில் வெயிலில் போடுகிறார். வெயில் பட்ட இடத்தில் பச்சையம் சிதைந்து வெளுக்கிறது. நிழல் விழுந்த இடம் பச்சையாகவே தங்குகிறது. மோலிஷின் இலையில் வெயில் ஒன்றை உண்டாக்கியது. இங்கே அழிக்கிறது. அழிப்பதே எழுத்தாகிறது. இலை கருகிவிட்டால் மறுபடி முதலிலிருந்து.

சரி, யாருடைய முகம்? நோம்பென்னில் பள்ளிக்கூடமாக இருந்த துவோல் ஸ்லெங்கை கெமர் ரூஜ் சிறையாக்கியது. 1979 வரை அங்கே அடைக்கப்பட்ட ஆயிரக்கணக்கானவர்களில் தப்பியவர் வெகு சிலர். உள்ளே வந்ததுமே அவர்களைப் படமெடுத்துக் கோப்பில் சேர்த்தார்கள். அந்தக் கேமரா அதிகாரத்தின் கண். படத்தைப் பார்க்கிற நாமும் அந்தக் கண் இருந்த இடத்தில்தான் நிற்கிறோம், வேறு இடம் நமக்குத் தரப்படவில்லை. 1997இல் நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகம் அவற்றில் 22ஐச் சுவரில் மாட்டியபோது கிளம்பிய சண்டையும் இதுதான்: கொலைக் கோப்பு எப்படிக் கலையாகும்?

டான் அந்த முகங்களை இலைக்கு மாற்றும்போது பார்வை உடைகிறதா? கொஞ்சம் உடைகிறது. கோப்பின் கூர்மை போய், இலை நரம்புகள் முகத்தின் குறுக்கே ஓடுகின்றன. ஆனாலும் எனக்கொரு உறுத்தல். போரின் மிச்சம் நிலத்திலும் செடியிலும் இருக்கிறது என்பது டானின் நிலைப்பாடு. அதை அப்படியே ஒத்துக்கொண்டால் கொன்றவன் காணாமல் போய்விடுவான். கொலை ஒன்றும் இலையுதிர்வு இல்லையே.

முடிந்த இலையை அவர் ரெசினில் உறைய வைக்கிறார். வாடுவதுதான் இந்த ஊடகத்தின் வாதம் என்றால் இது எதுக்கு? காட்சிக்கு வைக்கணும், விற்கணும், அது ஒண்ணு. ஏற்கெனவே ஒருமுறை அழிக்கப்பட்ட முகத்தைத் தன் கையிலும் வாடவிட மனசு வராமல் போயிருக்கலாம்.