‘தீர்ந்து போச்சு, ஸார்!’

திருவல்லிக்கேணியில் குடியிருப்பவனுக்குக் கடிகாரம் தேவையில்லை. மூக்கு போதும். காப்பி டிகாஷன் இறங்குகிற வாசனை வந்தால் மணி ஆறு. நெய்யில் மிளகு பொரிந்தால் ஏழு. பெருங்காயமும் தக்காளியும் கைகோத்துக்கொண்டு ரசமாகக் கொதித்தால் பதினொன்றரை. எங்கள் தெருவில் பாதிப் பேர் இப்படித்தான் ஆபீஸுக்கு நேரத்தோடு போகிறார்கள். மீதிப் பாதிப் பேர் இப்படித்தான் லேட்டாகப் போகிறார்கள்!

நான் பி.காம். படித்துவிட்டுப் பத்திரிகைகளுக்கு எழுதிப் பிழைக்கிறவன். கணக்கு வரும், பணம்தான் வராது. வருகிற பணமும் நேராக வாய்க்குப் போய்விடுகிறது என்பது என் இல்லத்தரசியின் வாதம். மாசக் கடைசியில் அவள்தான் எனக்கு ஆடிட்டர்.

"இது என்னங்க, பயணச் செலவு 160 ரூபாய்?"

"மயிலாப்பூர் போனேன்மா."

"ஏரோப்ளேன்லயா?"

"பஸ்லதான். மிச்சம்... கெட்டிச் சட்னி."

மயிலாப்பூர் ராயர் மெஸ்ஸில் உட்கார்ந்து சாப்பிட்டவர்களுக்கு அந்தக் கெட்டிச் சட்னியைப் பற்றி விளக்க வேண்டாம். சாப்பிடாதவர்களுக்கு விளக்கிப் பிரயோஜனமில்லை. சந்துக்குள் சின்ன இடம். வாசலில் காத்திருப்பார்கள், உள்ளே இருப்பவர் கை கழுவ எழுந்தால் வெளியே இருப்பவர் முகத்தில் சூரியன் உதிக்கும். நூறு பலகாரத்தை வரிசையாக எழுதித் தொங்கவிடும் சமாசாரமெல்லாம் அங்கே கிடையாது. இட்லி, பொங்கல், வடை என்று விரல் விட்டு எண்ணிவிடலாம்.

இந்த மாதிரிச் சின்னக் கடைகள் எல்லாவற்றுக்கும் பொதுவாக ஒரு தேசிய கீதம் உண்டு. பத்து மணிக்கு மேல் போனால் பாடுவார்கள்.

"தீர்ந்து போச்சு, ஸார்!"

சாப்பாட்டு ராமன்களுக்கு இதைக் கேட்டால் கண்ணில் ஜலம் வரும். எனக்குள் இருக்கிற பி.காம்.காரனோ எழுந்து நின்று சல்யூட் அடிப்பான்.

ஏன் என்கிறீர்களா? நாலு பங்கு இட்லி அரிசிக்கு ஒரு பங்கு உளுந்து. நாலு மணி நேரமாவது ஊற வேண்டும். அப்புறம் அரைக்க வேண்டும். ராத்திரி முழுக்கப் புளிக்க வேண்டும். அதாவது, நாளைக் காலையில் எத்தனை பேர் வருவார்கள் என்பதை இன்றைக்கு மத்தியானம் அரிசியை ஊறப்போடும்போதே முடிவு கட்டியாக வேண்டும். அதிகமாக ஊறப்போட்டால், சென்னை வெயிலில் நாளை மறுநாள் மாவு பொங்கி வந்து நம்மை நலம் விசாரிக்கும். குறைவாகப் போட்டால் வந்த ஆள் திரும்பிப் போய்விடுவார். பெரிய பெரிய கம்பெனிகள் கம்ப்யூட்டர் வைத்துக்கொண்டு தலையைப் பிய்த்துக்கொள்கிற இந்தக் கணக்கை, இடுப்பில் துண்டு கட்டிய ஒரு மாமா வானத்தைப் பார்த்துப் போடுகிறார். "நாளைக்கு முகூர்த்த நாள். கூட்டம் குறையும். ரெண்டு படி கம்மியாப் போடு!"

கடையடைக்கும்போது கையிருப்புச் சரக்கு பூஜ்யம். நேற்றைய சட்னி இன்றைக்கு இல்லை. ருசியின் பாதி ரகசியம் இதுதான். மசாலாவை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

டோக்கன் தத்துவம்

மத்தியானத்துக்கு வருவோம். திருவல்லிக்கேணி மேன்ஷன்களில் தங்கி வேலை தேடியவர்கள், வேலை கிடைத்தவர்கள், வேலையை விட்டவர்கள் எல்லோருக்கும் காசி விநாயகா மெஸ் தெரிந்திருக்கும். முதலில் காசு, அப்புறம் டோக்கன், அப்புறம்தான் இலை. கணக்குப் பாஷையில் சொன்னால், வராக் கடன் என்ற பேச்சுக்கே இடமில்லை. பையில் டோக்கனை வைத்துக்கொண்டு பந்திக்குக் காத்திருக்கும் இளைஞர்களைப் பார்த்தால், இன்டர்வியூவுக்குக்கூட இத்தனை ஒழுக்கமாக நிற்பார்களா என்று தோன்றும்.

அசைவ ஆசை வந்தால் சேப்பாக்கம் நாயர் மெஸ். மீன் குழம்பு, வஞ்சிரம் வறுவல். பக்கத்து மைதானத்தில் கிரிக்கெட் நடக்கும் நாட்களில், ஸ்கோர் விசாரிக்கிற சாக்கில் பக்கத்து இலைக்காரரின் மீன் துண்டு எவ்வளவு பெரிசு என்று பார்த்துக்கொள்ளலாம்.

சாயங்காலம் காப்பி. சட்டப்படி காப்பிப் பொடியில் 49 சதவிகிதம் வரை சிக்கரி கலக்கலாம். பாக்கெட்டில் விகிதத்தைப் போட்டுவிட வேண்டும், அவ்வளவுதான். ஆனால் டம்ளரில் எந்த டிகாஷன் இருக்கிறது என்று எங்கேயும் போடமாட்டார்கள். முதல் டிகாஷன் தீர்ந்ததும், அதே பொடியில் மறுபடி வெந்நீர் ஊற்றி இறக்குவது இரண்டாவது டிகாஷன். நிறம் இருக்கும், உயிர் இருக்காது. நல்ல கடைக்காரர் புதுப் பொடி போடும் வரை, "அஞ்சு நிமிஷம் ஆகும் ஸார், பரவாயில்லையா?" என்பார். அந்த அஞ்சு நிமிஷம் காத்திருப்பது மரியாதை.

ராத்திரி வந்தால் பாரிமுனைப் பக்கம், செகண்ட் லைன் பீச்சில் அத்தோ. நூடுல்ஸ், முட்டைக்கோஸ், பொரித்த வெங்காயம், பூண்டு எண்ணெய், புளித் தண்ணீர் எல்லாவற்றையும் கையாலேயே பிசைந்து, மேலே பேஜோவை நொறுக்கிப் போட்டுத் தருவார்கள். கூடவே வாழைத்தண்டு சூப். இது சென்னைக்கு வந்த கதை சிரிக்கிற கதை இல்லை. பர்மாவில் 1962-ல் ராணுவ ஆட்சி வந்தது. அடுத்த ஒன்றிரண்டு வருஷங்களில் கடைகளையெல்லாம் அரசாங்கமே எடுத்துக்கொள்ள, அங்கே தலைமுறையாக வாழ்ந்த தமிழர்கள் கப்பலேறித் திரும்பினார்கள். நகையையும் பணத்தையும் கொண்டுவர விடவில்லை. கைப்பக்குவத்தைப் பறிமுதல் செய்ய மட்டும் எந்தச் சுங்க அதிகாரிக்கும் வழி தெரியவில்லை. அதுதான் இன்றைக்குத் தள்ளுவண்டியில் தட்டு போட்டு விற்கிறது.

குட்வில்லுக்கு என்ன விலை?

இங்கேதான் என் படிப்பு உதைக்கிறது. ஐந்தொகையில் அண்டா குண்டாவுக்கு மதிப்புப் போடலாம். கிரைண்டருக்குத் தேய்மானம் கழிக்கலாம். ‘குட்வில்’ என்று ஒரு தொகைகூட எழுதலாம். ஆனால் ஒரு சின்ன மெஸ்ஸின் முழுச் சொத்தும் இரண்டு கைகளில் இருந்தால் அதை எந்தப் பக்கத்தில் எழுதுவது?

மயிலாப்பூரில் ஜன்னல் கடை என்று ஒன்று. பேர்ப் பலகை கிடையாது. ஒரு வீட்டு ஜன்னல் வழியாகத்தான் பஜ்ஜியும் பொங்கலும் வெளியே வரும். 2020-ல் கொரோனா, அந்த ஜன்னலுக்குப் பின்னால் நின்று பரிமாறியவரைக் கொண்டு போய்விட்டது. ஊரே துக்கம் விசாரித்தது. பெரிய ஓட்டலில் மானேஜர் மாறினால் நமக்குத் தெரியாது. ஜன்னலில் முகம் மாறினால் தெரிந்துவிடுகிறது.

பெரிசாக இருந்தால் மட்டும் தப்பித்துவிடலாமா என்றால் அதுவும் இல்லை. 1962-ல் ஆரம்பித்த உட்லண்ட்ஸ் டிரைவ்-இன், காருக்கே தோசை கொண்டு வந்து கொடுத்த இடம், 2008-ல் மூடப்பட்டது. இப்போது அங்கே செம்மொழிப் பூங்கா. பூவெல்லாம் அழகாகத்தான் இருக்கிறது. சட்னி கேட்டால் தராது!

எனக்கு இந்தக் கவலை சும்மா வரவில்லை. எங்கள் வீட்டுக்கு நாலு தெரு தள்ளி ஒரு மெஸ். பேர் வேண்டாம், சொன்னால் நாளைக்கு எனக்கு இடம் கிடைக்காது. மாமா கல்லாவில். மாமி அடுப்பில். ஒரு இலை 90 ரூபாய். நாளைக்கு 60 இலை. அதோடு கதவு சாத்தியாகிவிடும். ஜி.எஸ்.டி.யில் வருஷ விற்றுமுதல் 20 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் பதிவே தேவையில்லை. வாரம் ஒரு நாள் லீவு போக, நாளைக்குச் சுமார் 6,400 ரூபாய். மாமாவின் கணக்கு அதற்கும் கீழே, 5,400-ல் நிற்கிறது. இதற்குள் வாடகை, காஸ், காய்கறி, எண்ணெய், சம்பளம் எல்லாம்.

"இன்னும் இருபது இலை சேர்த்துப் போடலாமே மாமா?" என்று போன வருஷம் கேட்டேன்.

"போடலாம்ப்பா. இருபது பேருக்கு இலை கிடைக்கும். எண்பது பேருக்கு ருசி கிடைக்காது" என்றார்.

அந்த மாமாதான் தீபாவளி கழிந்து ஒரு நாள், மோர் ஊற்றும்போது சாதாரணமாகச் சொன்னார். "பொங்கலோட நிறுத்திடலாம்னு இருக்கோம். அவளுக்கு முட்டி வலி. நின்னு சமைக்க முடியலை."

எனக்கு மோர் இறங்கவில்லை.

பையன் சோழிங்கநல்லூரில் கம்ப்யூட்டர் கம்பெனியில் இருக்கிறான். தங்கமான பிள்ளை. ஆனால் அவனை அடுப்படிக்கு வா என்று கூப்பிட மாமிக்கே மனசு வரவில்லை. "நான் பட்டது போதும்ப்பா" என்று ஒரே வாக்கியத்தில் முடித்துவிட்டாள். அதற்கு எதிர்வாதம் எந்தப் பாடப் புத்தகத்திலும் இல்லை.

ஒரு ஓட்டல்காரர் வந்து, மெஸ் பேரையும் வத்தக்குழம்புச் செய்முறையையும் விலைக்குக் கேட்டாராம். எழுதிக்கொள்ள அடியேன் அமர்த்தப்பட்டேன். பேனாவைத் திறந்தேன்.

"புளி எத்தனை கிராம் மாமி?"

"கைக்குள்ள இவ்வளவு."

"எவ்வளவு நேரம் கொதிக்கணும்?"

"வாசனை மாறுற வரைக்கும்."

"உப்பு?"

"அதைப் போய்க் கேக்கறியே! போட்டாத் தெரியும்."

ஓட்டல்காரர் என் கையில் இருந்த காகிதத்தைப் பார்த்தார். மாமியைப் பார்த்தார். அப்புறம் அவரைக் காணோம்.

ஆனால் அந்த அடுப்படியில் இன்னொரு ஆள் மூன்று வருஷமாக இருந்தான். ஒடிசாவிலிருந்து வந்த பையன். பாத்திரம் தேய்க்க வந்தவன், காய் நறுக்க முன்னேறி, அப்பளம் பொரிக்கப் பிரமோஷன் ஆனவன். மார்கழியில் மாமிக்கு நாலு நாள் காய்ச்சல். கதவு சாத்தியிருக்கும் என்று நினைத்துக்கொண்டே போனேன். திறந்திருந்தது. வழக்கம்போல வத்தக்குழம்பு. சுண்டைக்காயின் கசப்பு, நல்லெண்ணெய், கடைசியில் நாக்கில் நிற்கிற அந்தப் புளிப்பு. இரண்டாம் முறையும் கேட்டு வாங்கினேன்.

"எப்படிப்பா இருந்தது?" என்றார் மாமா.

"மாமிக்கு உடம்பு சரியாயிடுச்சா?"

மாமா பதில் சொல்லாமல் அடுப்படிப் பக்கம் கண்ணைக் காட்டினார். கதவோரம் அந்தப் பையன், கரண்டியும் கையுமாக, பரீட்சை ரிசல்ட் பார்க்க வந்தவன் மாதிரி நின்றுகொண்டிருந்தான்.

இதில் ஆச்சரியப்பட என்ன இருக்கிறது என்று அப்புறம் யோசித்தேன். சாம்பாரில் இட்லியை நீச்சலடிக்க விடுகிற எங்கள் ரத்னா கபேயை 1948-ல் தொடங்கியதே உத்தரப் பிரதேசத்திலிருந்து வந்த குப்தா குடும்பம்தான். சமையலறையில் எடுபிடியாக வாழ்க்கையைத் தொடங்கிய உடுப்பிக்காரர் கே. கிருஷ்ணராவ்தான் 1938-ல் உட்லண்ட்ஸ் ஓட்டலை ஆரம்பித்தார். கைப்பக்குவம் ரத்தத்தில் வருவதாக நாம்தான் சொல்லிக்கொண்டிருக்கிறோம். பக்கத்தில் நின்று பார்த்தவனுக்குத்தான் அது போய்ச் சேர்கிறது. நிற்க ஆள் வேண்டும். அந்த ஆளுக்குக் கட்டுப்படியாகிற சம்பளம் வேண்டும். அதற்கு அறுபது இலையும் தினமும் நிரம்ப வேண்டும்.

அதனால் உங்களுக்கு ஒரு விண்ணப்பம். உங்கள் தெருவிலும் இப்படி ஒரு கடை இருக்கும். செல்போனில் ஆர்டர் பண்ணி, டப்பாவுக்குள் ஈரக் கைக்குட்டை மாதிரி சுருண்டு வரும் தோசையைப் பிரித்துக்கொண்டிருப்பதை விட, வாரம் ஒரு தடவையாவது நேரில் போய் உட்காருங்கள். கொஞ்சம் சீக்கிரமாகவே போங்கள். ஒரு நாளைக்குத் தீர்ந்து போனால் மறுநாள் கிடைக்கும். ஒரேயடியாகத் தீர்ந்து போனால் கிடைக்காது.

பொங்கல் வந்து போய்விட்டது. மெஸ் நடக்கிறது. "சித்திரை வரைக்கும் பார்ப்போம்" என்கிறார் மாமா. பையனுக்குச் சம்பளம் கூட்டியிருக்கிறார். மாமி முக்காலியில் உட்கார்ந்தபடி, "இன்னும் கொதிக்கட்டும்டா, வாசனை மாறலை" என்று அதட்டுகிறாள். மெஸ்ஸின் நிரந்தர வைப்பு நிதி அந்த அதட்டல்தான்.

நேற்று எடிட்டருக்குக் கட்டுரை கொடுத்துவிட்டு ஒன்றரை மணிக்கு ஓடினேன். வாசலில் அந்தப் பையன். கழுத்தில் துண்டு. முகத்தில் ஒரு முதலாளிக் களை.

"தீர்ந்து போச்சு, ஸார்!" என்றான், சுத்தமான திருவல்லிக்கேணித் தமிழில்.

வயிறு காந்தியது. ஆனாலும் வீடு வரைக்கும் சிரித்துக்கொண்டேதான் போனேன்.