விசாரணைக்கு முன் தீர்ப்பு

நியாயஸ்தலத்தில் குற்றத்தை மறுத்து நிற்பவன் எவனாயினும், சாட்சியம் கேளாமல் அவனைத் தண்டிக்க எந்த நீதிபதிக்கும் அதிகாரமில்லை. அப்படித் தண்டித்தால் மேல் கோர்ட்டு அத்தீர்ப்பை ரத்து செய்துவிடும். திருடனுக்கும் உள்ள இந்தப் பாதுகாப்பு, பாடசாலையில் கடைசி பெஞ்சியில் உட்கார்ந்திருக்கும் எட்டு வயதுப் பிள்ளைக்கு இல்லை. வகுப்புத் துவங்கி ஒரு வாரம் ஆவதற்குள், "இவனுக்குப் படிப்பு ஏறாது" என்று உபாத்தியாயர் சொல்லிவிடுகிறார். அதற்கு அப்பீல் கிடையாது. சில நாட்களில் பிள்ளையும் அதை நம்பத் தொடங்குகிறான். பிறகு அந்தத் தண்டனையைத் தன்மீது தானே நிறைவேற்றிக் கொள்கிறான்.

கல்வியைப் பற்றிப் பேசும்பொழுது கட்டடம், பாடபுஸ்தகம், சம்பளம், போதனா மொழி ஆகியவற்றைப் பற்றி நாம் ஓயாமல் வாதாடுகிறோம். அவை அவசியமானவை என்பதில் ஐயமில்லை. ஆனால் உபாத்தியாயர் மாணாக்கனைப் பற்றி என்ன நினைக்கிறார், மாணாக்கன் தன்னைப் பற்றி என்ன நினைக்கிறான் என்னும் இரண்டு கேள்விகளை யாரும் கேட்பதில்லை. வகுப்பில் நடக்கும் கல்வியில் பெரும்பகுதி இவ்விரண்டையும் பொறுத்தது என்பதே நமது அபிப்பிராயம். இது வெறும் உபதேசமன்று. சோதித்துப் பார்த்த விஷயம்.

அமெரிக்காவில், கலிபோர்னியா மாகாணத்திலுள்ள ஓர் ஆரம்பப் பாடசாலையில் 1964-ம் வருஷம் ஒரு சோதனை நடைபெற்றது. ஹார்வர்டு சர்வகலாசாலையைச் சேர்ந்த ராபர்ட் ரோஸந்தால் என்பவரும், அப்பாடசாலையின் தலைமையாசிரியையான லெனோர் ஜேகப்ஸன் என்ற அம்மையாரும் அதை நடத்தினார்கள். பிள்ளைகளுக்கு ஒரு பரீக்ஷை வைத்து, நூற்றுக்கு இருபது பேரின் பெயரை உபாத்தியாயர்களிடம் கொடுத்து, "இவர்கள் இவ்வருஷம் மிகவும் முன்னேறக்கூடியவர்கள்" என்று தெரிவித்தார்கள். உண்மையில் அப்பெயர்கள் சீட்டுக் குலுக்கி எடுப்பதுபோல் எடுக்கப்பட்டவை. எட்டு மாதங்கள் கழித்து மறுபடியும் பரீக்ஷை வைத்தபோது, முதலிரண்டு வகுப்புகளில் அந்தப் பிள்ளைகள் மற்றவர்களைவிடத் தெளிவாக முந்தியிருந்தார்கள். பிள்ளைகளிடத்தில் முதலில் வித்தியாசம் இல்லை. வித்தியாசம் உபாத்தியாயரின் மனத்தில்தான் இருந்தது.

இதைவிட வருந்தத்தக்க விஷயம் ஒன்றும் அதில் வெளிப்பட்டது. மந்தம் என்று ஒதுக்கப்பட்ட பிரிவில், பட்டியலில் இல்லாத சில பிள்ளைகளும் தாமாகவே முன்னேறினார்கள். அவர்களைப் பற்றி உபாத்தியாயர்கள் நல்ல அபிப்பிராயம் கொள்ளவில்லை, குறைவாகவே மதிப்பிட்டார்கள். தமது தீர்ப்பைப் பொய்யாக்கியவனை எந்த நீதிபதி விரும்புவார்?

அச்சோதனையின் முடிவுகள் 1968-ல் புஸ்தகமாக வெளிவந்தபோது கடுமையான ஆட்சேபங்கள் எழுந்தன என்பதை நாம் மறைக்கப் போவதில்லை. பரீக்ஷையின் தன்மையே சரியில்லை என்று சில அறிஞர்கள் வாதித்தார்கள். பிறகு பலர் சோதித்ததில் சிலருக்குப் பலன் தென்பட்டது; சிலருக்குத் தென்படவில்லை. இந்த முரண்பாட்டை 1984-ல் ஸ்டீபன் ராடன்புஷ் என்பவர் 18 சோதனைகளை ஒப்பிட்டு விளக்கினார். உபாத்தியாயர் பிள்ளைகளோடு பழகி இரண்டு வாரத்துக்கு மேற்பட்டிருந்தால், வெளியார் சொல் அவரை அவ்வளவாக அசைப்பதில்லை. பழக்கம் அதற்குக் குறைவாயிருந்தால் அந்தச் சொல் வேர் பிடித்துவிடுகிறது. ஆகவே வருஷத் தொடக்கத்தில், "அந்தப் பயலா? அவன் அண்ணனும் இப்படித்தான்" என்று பழைய உபாத்தியாயர் புதியவர் காதில் போடும் வார்த்தை சாமானியமான வார்த்தை அல்ல. ஒரு பிள்ளையின் வருஷம் முழுவதையும் அது தின்றுவிடக்கூடும்.

மனத்திலுள்ள எண்ணம் பிள்ளையின் படிப்பை எப்படித் தொடுகிறது என்று கேட்கலாம். மந்திரத்தால் அல்ல. மேரி பட் ரோ என்ற அமெரிக்க அம்மையார் வகுப்புகளில் நடந்த பேச்சைப் பதிவு செய்து, கடிகாரம் வைத்து அளந்து பார்த்தார். கேள்வி கேட்ட உபாத்தியாயர் விடைக்காகச் சராசரி ஒரு விநாடிதான் காத்திருந்தார். கெட்டிக்காரன் என்று கருதப்பட்டவனுக்குச் சற்று அதிகமாகவும், மந்தன் என்று கருதப்பட்டவனுக்குக் குறைவாகவும் அவகாசம் கிடைத்தது. யோசிக்க அதிக நேரம் வேண்டியவனுக்கே குறைந்த நேரம்! மூன்று விநாடி காத்திருக்கும்படி உபாத்தியாயர்களைப் பழக்கியபோது, விடைகள் நீண்டன. வாய் திறவாத பிள்ளைகளும் பேசினார்கள். இரண்டு விநாடிக்குச் சர்க்கார் பணம் ஒதுக்க வேண்டியதில்லை என்பதை வாசகர்கள் கவனிக்க வேண்டும்.

இனி மாணாக்கனின் மனத்தைப் பார்ப்போம். கிளாடியா ம்யூல்லர், கரோல் ட்வெக் என்ற இருவர் 1998-ல் ஓர் ஆராய்ச்சியை வெளியிட்டனர். ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு எளிய வடிவப் புதிர்கள் கொடுத்து, சிலரிடம் "நீ புத்திசாலி" என்றும், சிலரிடம் "நீ நன்றாக உழைத்தாய்" என்றும் சொன்னார்கள். பின்பு கடினமான புதிர்களைக் கொடுத்துத் தோல்வியடையச் செய்தார்கள். மறுபடியும் எளியவற்றைக் கொடுத்தபோது, புத்திசாலி என்று புகழப்பட்டவர்கள் முன்னைவிடக் குறைவாகச் செய்தார்கள். உழைப்பைப் புகழப்பெற்றவர்கள் முன்னைவிட நன்றாகச் செய்தார்கள். புத்தி என்பது பிறப்பிலேயே அளந்து கொடுத்த படி அரிசி என்று எண்ணுகிறவனுக்கு, ஒரு தோல்வி ஏற்பட்டதும் பானை காலியாகிவிட்டதாகத் தோன்றுகிறது. ஆகவே, மக்கு என்று ஏசுவது மட்டுமல்ல, மேதை என்று புகழ்வதும் ஒருவகைத் தீர்ப்பே.

நம் தேசத்தில் இந்த விஷயம் மேலும் ஆழமாக வேரோடியிருக்கிறது. இங்கே உபாத்தியாயர் வாய் திறவாமலே, ஊர் தீர்ப்புச் சொல்லிவிடுகிறது. ஐக்கிய மாகாணம் என்று முன்னே வழங்கிய உத்தரப் பிரதேசத்தின் கிராமங்களில் கார்லா ஹாஃப், பிரியங்கா பாண்டே என்ற இரு அம்மையார்கள் நடத்திய சோதனை 2006-ல் வெளியாயிற்று. மேல்ஜாதிப் பையன்கள் 321 பேரும், தாழ்த்தப்பட்ட ஜாதிப் பையன்கள் 321 பேரும் வழி கண்டுபிடிக்கும் புதிர்களைத் தீர்த்தார்கள். தீர்த்ததற்குப் பணமும் தரப்பட்டது. ஜாதியைச் சொல்லாதபோது இரு சாராருக்கும் வித்தியாசமே இல்லை. கூட்டத்தில் ஜாதியை வெளிப்படையாகச் சொன்னபோதோ பெரிய இடைவெளி உண்டாயிற்று. அதே மாதிரிப் பையன்கள், அதே மாதிரிப் புதிர்கள். மாறியது சபையில் உரக்கச் சொன்ன ஒரு வார்த்தைதான். திறமை பிறப்பைப் பொறுத்தது என்று வாதிப்போர் இந்தச் சிறு உண்மைக்கு விடை கூற வேண்டும்.

நாம் படித்த பாடசாலையில் மார்க்கு வரிசைப்படி உட்கார வைப்பார்கள். கடைசி வரிசையிலிருந்த ஒருவனுக்குக் கணக்கு ஏறாது என்று உபாத்தியாயர் முடிவு கட்டிவிட்டார். அவனும் எட்டாம் வகுப்போடு நின்றுவிட்டான். பல வருஷங்களுக்குப் பிறகு அவனை ஒரு மரவாடியில் சந்தித்தோம். தேக்கங்கட்டையைச் சுற்றி நாடாவைப் பிடித்துவிட்டு, கன அடியும் விலையும் வாயாலேயே சொன்னான். "கணக்கு நன்றாக வருகிறதே" என்றோம். "இது கணக்கில்லீங்க, தொழில்" என்றான். பழைய தீர்ப்பு அவனுக்குள் அப்பொழுதும் அமலில் இருந்தது.

அப்படியானால் "உன்னால் முடியும்" என்று பிள்ளைகளுக்குப் பிரசங்கம் செய்தால் போதுமா? போதாது. அமெரிக்காவில் டேவிட் யேகர் முதலியோர், ஒன்பதாம் வகுப்பு மாணாக்கர் சுமார் 12,000 பேரைச் சேர்த்து, அவர்களில் ஒரு சாராருக்கு, முயற்சியால் அறிவு வளரும் என்பதை ஒரு மணி நேரத்துக்கும் குறைவான பாடத்தில் உணர்த்தினார்கள். பின்தங்கியவர்களின் மதிப்பெண் நான்கு அளவுள்ள கணக்கில் 0.1 உயர்ந்ததாக 2019-ல் அறிவித்தார்கள். சிறிய பலன்தான், ஆனால் மெய்யான பலன். அதே மாணாக்கர்களின் கணித வகுப்புகளைப் பற்றி 2022-ல் வெளிவந்த முடிவே நமக்கு முக்கியமானது. உபாத்தியாயருக்கும் அந்த நம்பிக்கை இருந்த வகுப்புகளில் பலன் காணப்பட்டது. இல்லாத வகுப்புகளில் காணப்படவில்லை. விதை நல்லதாயிருந்தும் பாறையில் விழுந்தால் என்ன பயன்? பிள்ளையின் மனத்தை மட்டும் திருத்தப் புறப்படுவது, நோயாளிக்கு மருந்து கொடுத்துவிட்டு விஷக் கிணற்றுத் தண்ணீரையே குடிக்கச் சொல்வது போலாகும்.

உபாத்தியாயர்கள்மீது பழி சுமத்துவது நமது நோக்கமல்ல. அவர்களைப் பற்றியும் நாம் ஒரு தீர்ப்பு எழுதி வைத்திருக்கிறோம். எந்த வேலைக்கும் கூப்பிடக்கூடிய குமாஸ்தாவாகவே அவர்களை நடத்துகிறோம். மக்கட்கணக்கு, தேர்தல், பேரிடர் நிவாரணம் ஆகியவை தவிர வேறு வேலைகளில் அவர்களை ஈடுபடுத்தலாகாது என்று 2009-ம் வருஷத்துக் கல்வி உரிமைச் சட்டத்தின் 27-வது பிரிவு கூறுகிறது. தன்னை ஒருவரும் மதியாத இடத்தில், ஒருவர் நாற்பது பிள்ளைகளை மதித்து நடத்துவது எளிதன்று.

அதே சட்டத்தின் 17-வது பிரிவு உடல் தண்டனையை மட்டுமன்றி, மனத் துன்புறுத்தலையும் தடுக்கிறது. பிள்ளையைப் பயத்திலிருந்து விடுவிப்பதும் கற்பித்தலின் நெறி என்று 29-வது பிரிவு சொல்கிறது. "மக்கு" என்ற சொல் வகுப்பில் ஒலிக்கும் ஒவ்வொரு தடவையும் அது சட்டத்தின் நோக்கத்துக்கு விரோதமானது என்று நாம் துணிந்து கூறுவோம். ஆனால் சட்டப் புஸ்தகம் தானாக நடந்து பாடசாலைக்குப் போகாது.

பொதுத் தொண்டில் ஈடுபட்டிருக்கும் நமது வாசகர்களை நாம் கேட்டுக்கொள்வது இதுதான். சர்க்கார் பாடசாலைகளின் நிர்வாகக் கமிட்டியில் முக்கால் பங்கு பெற்றோராயிருக்க வேண்டும் என்பது சட்டம். அந்தக் கூட்டங்களில் சுவருக்குச் சுண்ணாம்பு அடித்ததைப் பற்றி விசாரிப்பதோடு நிற்காமல், "எந்தப் பிள்ளைகளை நாம் கைவிட்டிருக்கிறோம்? யார் சொல்லிக் கைவிட்டோம்?" என்றும் கேட்க வேண்டும். மார்க்கு வரிசைப்படி உட்கார வைக்கும் வழக்கமும், வகுப்பில் ஜாதியை உரக்கக் கேட்கும் வழக்கமும் எங்கே இருந்தாலும் எதிர்க்க வேண்டும். இரவுப் பாடசாலை நடத்துகிறவர்கள் கேள்வி கேட்டபின் மூன்று விநாடி பொறுக்க வேண்டும்.

மேல் கோர்ட்டு இல்லாத வழக்கில், தீர்ப்புச் சொன்னவரேதான் அதை ரத்து செய்ய முடியும். இந்நாட்டின் ஒவ்வொரு வகுப்பிலும் அப்படி ரத்து செய்ய வேண்டிய தீர்ப்பு ஒன்றாவது இருக்கிறது. அதை நாளைக் காலையிலேயே ரத்து செய்யலாம்.