கிரேக்க நாணயங்களில் கடல்: சேகரிப்போரின் ஆர்வமும் பொறுப்பும்

ஒரு சமூகம் தனது நாணயத்தில் எதனைப் பொறிக்கின்றது என்பது, அச்சமூகம் தன்னைப் பற்றி என்ன கருதுகின்றது என்பதைக் காட்டும் கண்ணாடியாகும். உமையாக் கலீபா அப்துல் மலிக் கி.பி. 7ஆம் நூற்றாண்டின் இறுதியில் நாணயங்களிலிருந்து உருவங்களை அகற்றி எழுத்துக்களை மாத்திரம் பொறிக்கச் செய்தார். இஸ்லாமிய அரசொன்று தன்னை உலகுக்கு அறிவித்த முறை அது. அதற்கு ஏறத்தாழ ஆயிரத்து இருநூறு ஆண்டுகளுக்கு முன்னர், மத்தியதரைக் கடலின் கரைகளில் வாழ்ந்த கிரேக்க நகரங்கள் தமது வெள்ளிக் காசுகளில் ஆமையையும் நண்டையும் சூரை மீனையும் டொல்பினையும் பொறித்தன. கடல் தெய்வமான பொசைடன் சூலாயுதத்தை ஓங்கி நிற்கும் காசுகளும் வெளியாகின.

இக்காசுகளைத் தேடிச் சேகரிப்போர் இன்று உலகின் பல நாடுகளிலும் உள்ளனர். அவர்களது ஆர்வம் வரலாற்று அறிவுக்குப் பெரும் பங்களிப்பைச் செய்துள்ளது. அதே ஆர்வம் வரலாற்றின் அழிவுக்கும் காரணமாகியுள்ளது. இவ்விரு பக்கங்களையும் எடுத்துரைப்பதே எமது நோக்கமாகும்.

பண்டைய கிரேக்கம் என்பது ஒரே அரசாக இருக்கவில்லை என்பதை முதலில் மனங்கொள்ளல் வேண்டும். கி.மு. 8ஆம் நூற்றாண்டு முதல் கிரேக்கர்கள் கடல் கடந்து சென்று சிசிலியிலும் தென் இத்தாலியிலும் கருங்கடற் கரைகளிலும் குடியேறினர். ஒவ்வொரு குடியேற்றமும் தனக்கெனச் சட்டமும் படையும் கொண்ட தனி நகர அரசாக வளர்ந்தது. இன்றைய துருக்கியின் மேற்குப் பகுதியில் இருந்த லிடியாவில் கி.மு. 7ஆம் நூற்றாண்டில் நாணயம் வார்க்கும் வழக்கம் தோன்றிப் பரவியபோது, இந்நகரங்கள் தத்தமது காசுகளைத் தாமே வெளியிட்டன. எழுத்தறியாத மாலுமியும் சந்தை வியாபாரியும் ஒரு காசு எந்த நகரத்துக்குரியது என்பதைப் பார்த்தவுடன் அறிந்துகொள்ளச் சின்னம் ஒன்று தேவைப்பட்டது. கடலால் வாழ்ந்த நகரங்கள் அச்சின்னத்தைக் கடலிலிருந்தே எடுத்துக்கொண்டதில் வியப்பில்லை.

ஏதென்ஸுக்கு எதிரே அமைந்துள்ள ஈஜினா தீவின் காசு இதற்குச் சிறந்த உதாரணமாகும். கி.மு. 6ஆம் நூற்றாண்டிலேயே காசு வெளியிடத் தொடங்கிய இத்தீவு, அதில் கடலாமையைப் பொறித்தது. ஏறத்தாழ 12 கிராம் நிறையுடைய அவ்வெள்ளிக் காசுகளை மக்கள் ‘ஆமைகள்’ என்றே அழைத்தனர். ஈஜினாவின் வணிகக் கப்பல்கள் சென்ற இடமெல்லாம் அக்காசு செல்லுபடியாகியது. ஆனால், கி.மு. 5ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் ஈஜினா ஏதென்ஸிடம் தோல்வியுற்றுத் திறை செலுத்தும் நிலைக்குத் தள்ளப்பட்டது. அதன் பின்னரான காசுகளில் துடுப்புக் கால்களுடைய கடலாமைக்குப் பதிலாகத் தரையாமை காணப்படுகின்றது. கடலாதிக்கத்தை இழந்த தீவு தனது சின்னத்தையும் கரையேற்றிக்கொண்டது எனச் சில ஆய்வாளர்கள் விளக்கம் கூறுவர். அவ்விளக்கத்தை ஏற்பினும் ஏற்காவிடினும், ஒரு காசின் ஆமைக்கால்களைப் பார்த்தே அது எக்காலத்துக்குரியது என்பதை அறிய முடிகின்றது.

மர்மரா கடலோரத்தில் இருந்த சிசிகஸ் நகரம், பொன்னும் வெள்ளியும் கலந்த உலோகத்தில் காசுகளை வெளியிட்டது. அக்காசுகளின் பிரதான உருவம் அடிக்கடி மாறிக்கொண்டிருந்தது. தெய்வங்கள், வீரர்கள், விலங்குகள் எனப் பலவாறான உருவங்கள் இடம்பெற்றன. ஆயினும், அவ்வுருவங்களின் அருகிலோ காலடியிலோ சூரை மீனொன்று தவறாது இடம்பெற்றிருக்கும். கருங்கடலுக்கும் ஈஜியன் கடலுக்கும் இடையே பருவந்தோறும் இடம்பெயரும் சூரை மீன் கூட்டங்களே அந்நகரின் செல்வமாக இருந்தமையே இதற்குக் காரணமாகும். போசியா நகரமோ தனது பெயரைக் கொண்டே சின்னத்தைத் தெரிவுசெய்தது. கிரேக்க மொழியில் கடல்நாயைக் குறிக்கும் சொல் அந்நகரப் பெயரை ஒத்திருந்ததால், அதன் காசுகளில் கடல்நாய் இடம்பிடித்தது. அந்நகரம் இருந்த துருக்கியக் கரையில் இன்று கடல்நாய்கள் எண்ணிக்கையில் மிகவும் அருகி, பாதுகாக்கப்படும் இனமாக உள்ளன. ஆதலால் இக்காசுகள் அரசியல் வரலாற்றுக்கு மட்டுமன்றி, அன்றைய கடல் எவ்வாறிருந்தது என்பதற்கும் சாட்சிகளாகும்.

சிசிலியின் இன்றைய மெசினா நகரம் அன்று சங்க்ளே எனப்பட்டது. அரிவாள் போன்று வளைந்த அதன் துறைமுகத்தால் வந்த பெயர் இது. அந்நகரின் காசில் அரிவாள் வடிவமான துறைமுகத்தின் உள்ளே டொல்பின் ஒன்று நீந்துகின்றது. ஒரு வகையில் இது விரல் நுனியில் அடங்கும் வரைபடமே ஆகும். அத்தீவின் தென்கரையில் இருந்த அக்ரகஸ், ஒரு பக்கம் கழுகையும் மறுபக்கம் நண்டையும் பொறித்தது. கிரேக்கத்தின் எரித்ரியா நகரம் ஒக்டோபஸ் எனப்படும் பேய்க்கணவாயைத் தெரிவுசெய்தது.

இவ்வகைக் காசுகளுள் அழகின் உச்சமாகக் கொள்ளப்படுவது சிசிலியின் சைரகியூஸ் நகருக்குரியதாகும். கி.மு. 5ஆம் நூற்றாண்டின் இறுதி ஆண்டுகளில் அங்கு வெளியான பத்துத் திராக்மாக் காசு ஏறத்தாழ 43 கிராம் நிறையுடையது. அதன் ஒரு பக்கத்தில் பெண்ணொருத்தியின் முகத்தைச் சுற்றி நான்கு டொல்பின்கள் நீந்துகின்றன. இம்முகம் அரெதூசா என்னும் நீர்த் தேவதைக்குரியது என்பது பரவலான கருத்தாகும். கிரேக்கத்தில் நதித் தெய்வமொன்றின் துரத்தலுக்கு அஞ்சிக் கடலுக்கு அடியால் தப்பிவந்து, சைரகியூஸின் ஓர்டிஜியா தீவில் நன்னீர் ஊற்றாக அவள் வெளிப்பட்டாள் என்பது ஐதீகம். கடலோரத்தில் அந்த ஊற்று இன்றும் உள்ளது. டொல்பின்கள் கடலையும் நடுவிலுள்ள முகம் நன்னீரையும் குறிக்கின்றன எனக் கொண்டால், தாயகத்தைவிட்டுக் கடல் கடந்து வந்த மக்கள் தம் வேரைத் தேடிய கதை இச்சிறு வெள்ளி வட்டத்தில் அடங்கியிருப்பதை உணரலாம். இக்காசுகளுக்கான அச்சுக்களைச் செதுக்கிய கைமோன், யூஐனெட்டஸ் என்னும் இரு கலைஞர்களும் தமது பெயர்களை அவற்றில் பொறித்துள்ளமை குறிப்பிடத்தக்கது.

தென் இத்தாலியின் தாராஸ் நகரம், டொல்பின் மீதேறி வரும் இளைஞனைப் பல தலைமுறைகளாகத் தனது காசில் பொறித்து வந்தது. பொசைடனின் மகனான தாராஸே அவன் என்பது பழைய விளக்கம். ஏறத்தாழ 8 கிராமாக இருந்த இக்காசின் நிறை, உரோமாபுரியுடனான போர்க் காலமாகிய கி.மு. 280ஆம் ஆண்டளவில் ஆறரைக் கிராம் அளவுக்குக் குறைக்கப்பட்டது. போர்ச் செலவின் சுமையை வரலாற்று நூல் சொல்லாவிடினும் தராசு சொல்லிவிடுகின்றது. மக்கெதோனிய மன்னன் டெமெட்ரியஸ், கி.மு. 306இல் சைப்பிரஸின் சலாமிஸ் அருகே தொலமியின் கடற்படையை முறியடித்தான். அவ்வெற்றியை நினைவுகூரும் அவனது காசின் ஒரு பக்கத்தில் கப்பலின் முன்னணியத்தில் நின்று வெற்றித் தேவதை எக்காளம் ஊதுகின்றாள். மறுபக்கத்தில் பொசைடன் சூலாயுதத்தை ஓங்கி நிற்கின்றார். தெய்வ உருவம் அரசியல் பிரசாரமாகப் பயன்பட்டதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

கருங்கடலோரத்தில், இன்றைய உக்ரேனில் இருந்த ஒல்பியா நகரம் இன்னும் ஒருபடி மேலே சென்றது. அங்கு டொல்பின் உருவத்தைக் காசில் பொறிப்பதோடு மட்டும் நிற்கவில்லை. காசே டொல்பின் வடிவில் வெண்கலத்தால் வார்க்கப்பட்டது.

இத்தகைய செய்திகளை நாம் அறிந்துகொள்ள முடிந்தமைக்குச் சேகரிப்போரும் அறிஞர்களும் இணைந்து ஆற்றிய பணியே காரணமாகும். பண்டைக் காசுகள் கையால் அடிக்கப்பட்டவை. கீழ் அச்சின்மீது உலோகத் துண்டை வைத்து, மேல் அச்சைப் பிடித்துச் சுத்தியலால் அடித்தே அவற்றை உருவாக்கினர். ஓர் அச்சு தேய்ந்து வெடித்ததும் வேறோர் அச்சு பயன்பட்டது. ஒரே அச்சிலிருந்து பிறந்த காசுகளை ஒப்பிட்டு, வெடிப்பு எவ்வாறு வளர்ந்தது என்பதைக் கவனித்து, எது முந்தியது எது பிந்தியது என்பதை ஆய்வாளர்கள் வரிசைப்படுத்துகின்றனர். பிரித்தானிய நூதனசாலையைச் சேர்ந்த பார்க்ளே ஹெட் 1887இல் வெளியிட்ட பெருநூல், கிரேக்க உலகின் காசுகளை நகர்வாரியாக வகைப்படுத்தியது. தனியார் பலரின் சேகரிப்புகள் நூதனசாலைகளை வந்தடைந்திராவிடின் இவ்வாய்வுகள் நடந்திருக்க மாட்டா.

சேகரிப்பு என்பது செல்வந்தருக்கு மட்டுமே உரியது என்பதும் சரியன்று. சைரகியூஸின் பெருங்காசு ஏலத்தில் பெரும் விலைக்குப் போவது உண்மையே. ஆனால், டொல்பினோ சூலாயுதமோ பொறித்த தேய்ந்த சிறு வெண்கலக் காசுகள் சாதாரண வருமானமுடையோரும் வாங்கக்கூடியவை. ஆயினும், போலிகளையிட்டு எச்சரிக்கை தேவை. 1772 முதல் 1830 வரை வாழ்ந்த ஜேர்மனியரான கார்ல் வில்ஹெல்ம் பெக்கர், பண்டைக் காசுகளைப் போன்ற அச்சுக்களைத் தாமே செதுக்கி அறிஞர்களையும் ஏமாற்றினார். புதிய காசுகளுக்குப் பழைமைத் தோற்றம் வருவதற்காக, அவற்றை இரும்புத்தூள் நிறைந்த பெட்டியில் இட்டுத் தமது குதிரை வண்டியில் பொருத்திப் பயணம் செய்தார் எனக் கூறப்படுகின்றது. இன்றைய போலிகள் அவற்றைவிடத் திறமையானவை. நிறை, விளிம்பு, உருவத்தின் கூர்மை ஆகியவற்றைக் கூர்ந்து நோக்குவதும், நம்பகமானவரிடம் மட்டுமே வாங்குவதும் அடிப்படை விதிகளாகும்.

எனினும், போலிக் காசைவிட ஆபத்தானது திருட்டுக் காசாகும். போலி, வாங்கியவரை மாத்திரம் ஏமாற்றுகின்றது. திருட்டுக் காசோ மனித குலத்துக்கு உரிய அறிவைப் பறிக்கின்றது. ஒரு காசு மண்ணுக்குள் எந்த இடத்தில், எவ்வளவு ஆழத்தில், எப்பொருட்களோடு கிடந்தது என்பதே அதன் வரலாற்றில் பாதியாகும். ஈஜினாவின் ஆமைக் காசு ஈஜினாவில் கிடைப்பது ஒரு செய்தி. தொலைவிலுள்ள ஒரு துறைமுகத்தில் கிடைப்பது வேறொரு செய்தி. உலோகம் கண்டறியும் கருவியுடன் இரவில் தோண்டுபவர் அச்செய்தியை அழித்துவிட்டு வெள்ளியை மட்டும் எடுத்துச் செல்கின்றார்.

1984இல் துருக்கியின் தென்பகுதியிலுள்ள எல்மாலி அருகே இவ்வாறே ஒரு புதையல் தோண்டப்பட்டது. ஏறத்தாழ 1,900 வெள்ளிக் காசுகளைக் கொண்டிருந்த அது ‘நூற்றாண்டின் புதையல்’ எனப் பெயர்பெற்றது. கிடைத்தற்கரிய ஏதென்ஸின் பத்துத் திராக்மாக் காசுகளும் அதில் அடங்கியிருந்தன. நாட்டைவிட்டுக் கடத்தப்பட்ட அக்காசுகளில் பெரும்பகுதி அமெரிக்காவில் விலைக்கு வாங்கப்பட்டது. துருக்கி அரசு நீண்ட சட்டப் போராட்டம் நடத்தி 1999இல் அவற்றைத் திரும்பப் பெற்றது. காசுகள் தாயகம் திரும்பின. புதையல் குலைக்கப்பட்டபோது அழிந்த சான்றுகள் திரும்பவில்லை.

அண்மைய உதாரணமும் உண்டு. ஜூலியஸ் சீசரின் கொலையை நினைவுகூர்ந்து புரூட்டஸ் வெளியிட்ட பொற்காசொன்று 2020இல் இலண்டனில் முப்பது இலட்சம் பவுண்களுக்கு மேற்பட்ட விலைக்கு ஏலம் போனது. அதன் உரிமை வரலாறு போலியாகப் புனையப்பட்டது என்பது நியூயோர்க் அதிகாரிகளின் விசாரணையில் வெளிப்பட்டது. 2023 மார்ச்சில் அக்காசு கிரேக்கத்திடம் ஒப்படைக்கப்பட்டது. அது உரோமக் காசாயினும், கிரேக்கக் காசுகள் விற்பனையாகும் அதே சந்தையில் நிகழ்ந்த சம்பவம் என்பதால் அனைவருக்கும் பாடமாகின்றது.

பண்பாட்டுச் சொத்துக்களின் சட்டவிரோத வர்த்தகத்தைத் தடுக்கும் யுனெஸ்கோ சமவாயம் 1970இல் நிறைவேற்றப்பட்டது. சைப்பிரஸிலிருந்து வரும் பண்டைக் காசுகளுக்கு 2007இலும், இத்தாலி, கிரேக்கம் ஆகியவற்றின் காசுகளுக்கு 2011இலும் அமெரிக்கா இறக்குமதிக் கட்டுப்பாடு விதித்தது. சேகரிப்போர் சிலர் இதனை எதிர்க்கின்றனர். பல தலைமுறைகளாகக் கைமாறி வந்த சிறு காசுகளுக்குப் பத்திரங்களைக் காட்டுவது எங்ஙனம் என்பது அவர்களது கேள்வி. இக்கேள்வியில் நியாயமே இல்லை என ஒதுக்கிவிட முடியாது. ஆனால், விலை கொடுப்பவர் இருக்கும்வரை தோண்டுபவரும் இருப்பார் என்பதும் மறுக்கவியலாத உண்மையே. இங்கிலாந்தில் 1996ஆம் ஆண்டின் புதையற் சட்டமும், மறுவருடம் ஆரம்பமான பதிவுத் திட்டமும், கண்டெடுப்போர் தாமாகவே முன்வந்து தகவல் தருவதை ஊக்குவிக்கின்றன. தண்டனையுடன் வெகுமதியும் இணையும்போது அறிவு பாதுகாக்கப்படும் என்பதை அது உணர்த்துகின்றது.

இது எமக்கு அந்நியமான பிரச்சினையன்று. கிரேக்க, உரோமக் காசு மரபில் வந்த கி.பி. 4ஆம், 5ஆம் நூற்றாண்டுகளின் உரோம வெண்கலக் காசுகள் இலங்கையில் ஏராளமாகக் கிடைத்துள்ளன. அவற்றைப் பார்த்து உள்நாட்டிலேயே செய்யப்பட்ட காசுகளும் கிடைத்துள்ளன. இந்து சமுத்திர வணிகத்தில் இத்தீவின் இடத்தை அவையே எமக்கு உணர்த்தின. தோட்டம் கொத்தும்போதோ கிணறு வெட்டும்போதோ கிடைக்கும் பழங்காசைத் தேய்த்துப் பளபளப்பாக்கி விற்பதற்கு முன்னர், அது கிடைத்த இடத்தைக் குறித்துவைத்துத் தொல்பொருளியல் திணைக்களத்துக்கு அறிவிப்பதே அறிவுடைமையாகும். சட்டமும் அதனையே வேண்டி நிற்கின்றது.

பண்டைக் காசுகளைச் சேகரிக்க விரும்பும் இளைஞர்களை நாம் ஊக்கமிழக்கச் செய்ய விரும்பவில்லை. இது எங்கிருந்து வந்தது, இதுவரை யாரிடம் இருந்தது, அதற்கு ஆதாரம் என்ன என்னும் மூன்று கேள்விகளை விற்பவரிடம் கேட்கும்படியே வேண்டுகின்றோம். விடை கிடைக்காவிடின் காசு எவ்வளவு அழகாயினும் அதனை விட்டு விலகுவதே மேலானது. நூதனசாலைகளின் காசுகள் பல இன்று இணையத்தில் எவரும் பார்க்கக்கூடியனவாக உள்ளன. ஒரு காசையேனும் சொந்தமாக்காமலே சைரகியூஸின் டொல்பின்களை எவரும் கண்டு மகிழலாம், கற்கவும் செய்யலாம். இருபத்தைந்து நூற்றாண்டுகளைக் கடந்து வந்த ஒன்றுக்கு எவரும் நிரந்தர உரிமையாளராக முடியாது. அடுத்தவர் கைக்கு அதன் வரலாற்றோடு சேர்த்து ஒப்படைப்பதே சேகரிப்பவரின் கடமையாகும்.