மொட்டை மாடியில் கரி அடுப்பா? ஒரு நிமிஷம்!

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மொட்டை மாடியில் அடுப்பை மூட்டி, கோழியும் மீனும் சுட்டுச் சாப்பிடுவது நம் வீடுகளிலும் வந்துவிட்டது. மசாலாவுக்கு ஒரு மணி நேரம் மெனக்கெடுகிறோம். கீழே எரிகிற கரியை யாராவது கவனிக்கிறோமா? 'எரிஞ்சா சரி'ன்னு விட்டுவிடுகிறோம். அங்கேதான் வினையே!

ராமநாதபுரம், சிவகங்கை பக்கம் மூட்டம் போட்டு எடுக்கிற சீமைக் கருவேலங்கரி நல்ல கரி. சூடு நின்று எரியும். வாங்கும்போது இரண்டு துண்டுகளைத் தட்டிப் பாருங்கள். கணீரென்றால் நன்றாக வெந்த கரி. 'டொக்'கென்று கேட்டால் ஈரமோ, அரைவேக்காடோ. புகை கண்ணைக் கரிக்கும். கொட்டாங்கச்சிக் கரியும் நல்லதுதான். தீக்குச்சி காட்டியதுமே பற்றிக்கொள்ளும் கரிக்கட்டியில் பெட்ரோலிய எண்ணெய் கலந்திருக்கும். அது முழுக்கச் சாம்பல் பூத்த பிறகே இறைச்சியை வையுங்கள். மண்ணெண்ணெய் ஊற்றவே வேண்டாம்.

புகை வாசனைக்குக் காய்ந்த கொய்யாக் குச்சி நாலு போதும். பச்சை விறகு கூடாது. வீட்டில் சும்மா கிடக்கிறதே என்று பழைய ஜன்னல் கட்டையைப் போடாதீர்கள். பழைய பெயின்ட்டில் ஈயம் இருக்கும். ப்ளைவுட்டில் பசை. கறையானுக்கு மருந்தேற்றிய மரத்தில் ஆர்சனிக்கூட இருக்கலாம். தோட்டத்து அரளிக் குச்சியோ இதயத்தையே பாதிக்கும் விஷம்; கறி கோக்கக்கூட அது ஆகாது.

கொழுப்பு கங்கில் சொட்டி எழும் புகையில் புற்றுநோய்க்குக் காரணமான பொருட்கள் உண்டு. தோலையும் கொழுப்பையும் நீக்கிவிட்டு, கங்கை ஓரமாகத் தள்ளி வைத்துச் சுடுங்கள். கருகியதை வெட்டி எறியுங்கள்.

இதையெல்லாம்விடப் பெரிய ஆபத்து ஒன்று. 'மழை வருது, அடுப்பை உள்ளே தூக்கி வை' என்பீர்களே, அதுதான்! எந்த உசத்திக் கரியும் கார்பன் மோனாக்சைடு வாயுவை விடும். நிறமில்லை, மணமில்லை. ரத்தத்தில் ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேல் இறுக்கமாக ஒட்டிக்கொள்ளும். 'புகையே இல்லையே, வெறும் கங்குதானே' என்று நினைக்காதீர்கள். கங்கிலிருந்தும் அது வரும். மலை ஊர்களில் குளிருக்காகக் கரி அடுப்பை அறைக்குள் வைத்துத் தூங்கியவர்கள் காலையில் எழுந்திருக்காமலே போனதுண்டு. ஜன்னலைத் திறந்து வைத்தாலும் போதாது.

அடுப்பருகே யாருக்காவது தலைவலி, குமட்டல், கிறுகிறுப்பு வந்தால் 'வெயிலில் நின்னது'ன்னு மோர் கொடுத்து உட்கார வைக்காதீர்கள். உடனே காற்றோட்டமான இடத்துக்கு அழைத்துப் போய், அப்படியே ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள். டாக்டரிடம் கரிப்புகையில் இருந்ததையும் மறக்காமல் சொல்லுங்கள்.